மேலே வராத விரால்கள்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது ஐப்பசி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் பெய்த தூறலில் தரை நனைந்திருந்தது. கச்சிராயபாளையம் போகும் நகரப் பேருந்தில் பதினைந்து ரூபாய்க்குச் சீட்டு வாங்கிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னா விசேசமா வந்துகினு கீறீங்க?" என்று விசாரித்தார். விரால் மீன் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாக்கவா, துன்னவா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நான் தரங்கம்பாடிக்காரன். வஞ்சிரம், சங்கரா, கொடுவா என்று கடல்மீன் தின்று வளர்ந்த நாக்கு. ஏரி மீனைத் தின்பதற்கு ஏரிச் சேற்றையே அள்ளித் தின்னலாமே என்று எங்கள் வீட்டில் கேலி பேசுவோம். அந்தத் திமிர் எனக்கும் உண்டு. ஆனால் விரால் விஷயம் வேறு. அது காற்றைச் சுவாசிக்கும் மீன். மனிதனைப்போல அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும் என்று என்னோடு வேலை பார்க்கும் எலவனாசூர்கோட்டை நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. அவருடைய தங்கை செல்வியை வடக்கனந்தலில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கே ஒரு குட்டை வெட்டி விரால் வளர்க்கிறார்களாம். "போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்" என்றார் நண்பர். அதனால்தான் கிளம்பினேன்.

குட்டைக்கு மத்தியானம் போனால் போதும். அதற்குள் மலையைப் பார்த்துவிடலாம் என்று கச்சிராயபாளையத்தில் இறங்கி, கரியாலூர் போகும் வேனில் ஏறினேன். ஓட்டுநர் பெயர் ஏழுமலை. முன்னிருக்கையில் எனக்கு இடம் கொடுத்தார். கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை வளையத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஏழுமலை ஹாரன் அடிப்பதும், எதிரே வண்டி வராதபோது "யாரும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுமாக மேலே ஏறினோம். சரிவுகளில் மரவள்ளியும் சாமையும் பச்சையாக நின்றன.

பாதி மலையில் வண்டி சூடாகிவிட்டது. ஓர் ஓடைக்கருகே நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க ஏழுமலை இறங்கினார். நானும் இறங்கினேன். பாறைகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர். அதில் ஒரு சாண் நீளமுள்ள மீன் ஒன்று அசையாமல் நின்றது. பாம்புத்தலை, உருண்ட உடம்பு, துடுப்புகளின் ஓரத்தில் நீலமும் செம்மஞ்சளுமாக ஒரு கோடு. விராலின் சிறிய பங்காளி இது. குறவை வகை. தாடை மட்டும் பொன்னுக்குவீங்கி வந்ததுபோல உப்பியிருந்தது.

"வாயில இன்னாத்த அடக்கிகினு கீது அது?" என்றார் ஏழுமலை.

படித்ததை எடுத்துவிட எனக்கு ஒரு வாய்ப்பு. பெண் மீன் முட்டையிட்டதும் ஆண் மீன் அதையெல்லாம் வாயில் அள்ளிக்கொள்ளும், முட்டை பொரிந்து குஞ்சு நீந்தும்வரை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும் என்று சொன்னேன்.

"அதுவரிக்கும் சோறு?"

"பட்டினிதான்."

ஏழுமலை குடத்தை ஓடையில் முக்கி எடுத்தார். "இத்த எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க சார். வூட்ல எனுக்கும் அதே வேலய குடுத்துடுவா" என்று சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கரியாலூரில் இட்லி சாப்பிட்டு, சில்லென்ற காற்றில் கொஞ்சம் சுற்றிவிட்டு, அதே வேனில் இறங்கினோம். மேற்கே மலைமுகட்டில் கருமேகம் அடைந்திருந்தது. சாயந்திரம் கீழே பெருமழை நிச்சயம் என்றார் ஏழுமலை. வடக்கனந்தலுக்கு முன்னால் சாலையோர ஏரி ஒன்றின் அருகே வண்டியை ஓரங்கட்டி, "நீங்க தேடி வந்தது தோ கீது பாருங்க" என்று கையை நீட்டினார்.

கரையோரம் கோரைப்புல்லை விலக்கிச் சுத்தமாக்கிய ஓர் இடம். அங்கே தண்ணீரின்மேல் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல ஒரு சிவப்புத் திட்டு. அது நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் குஞ்சுகள். ஒவ்வொன்றும் மேலே வந்து காற்றை ஒரு வாய் வாங்கிக்கொண்டு கீழே போக, அடுத்தது வந்தது. திட்டுக்குக் கீழே கருப்பாக, கை நீளத்துக்கு அப்பன் விரால். ஒரு தவளை தெரியாத்தனமாக அந்தப் பக்கம் குதித்தது. தண்ணீர் ஒருமுறை சுழித்தது, பிறகு தவளையைக் காணவில்லை. காவல் இருக்கும் விரால் தூண்டில் முள்ளைக்கூடப் பகை என்று நினைத்துக் கடித்து மாட்டிக்கொள்ளும், அப்படி அப்பன் போய்விட்டால் குஞ்சுகளைக் கெண்டையும் கெளுத்தியுமே தின்று தீர்த்துவிடும் என்று ஏழுமலை சொன்னார். கேட்க வருத்தமாக இருந்தது.

செல்வியின் வீடு ஊரைத் தாண்டி நிலத்திலேயே இருந்தது. செல்வி ஒல்லி, குரல் மட்டும் பெரியது. கணவர் முருகேசன் அதற்கும் சேர்த்துப் பேசாமல் இருப்பவர். கல்யாணமான மறுமாதமே அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவராம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், மற்றபடி போன்தான். கரும்பு போட்டுக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் செல்விதான், "கரும்பு வாணாம், மீனு வுடலாம், நீ வந்துடு" என்று சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டாராம்.

"இந்த மீனு கரையேறுனா இவரு இங்க. ஏறலன்னா மறுபடியும் பெங்களூரு. அவ்ளோதான் சார் எங்க கணக்கு" என்றார் செல்வி, மோர் சொம்பை நீட்டிக்கொண்டே.

குட்டை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சதுரமாக வெட்டி, சுற்றிலும் மண் கொட்டிக் கரை கட்டியிருந்தார்கள். தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் குட்டை முழுவதையும் மூடி நைலான் வலை. முளைக்குச்சி அடித்துத் தவில் தோலைப்போல விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. கொக்கும் நீர்க்காகமும் உள்ளே வர முடியாது. விராலும் துள்ளி வெளியே போக முடியாது. முருகேசன் கட்டிய வலை அது. அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் இரண்டு வாக்கியம் பேசினார்.

வலைக்குக் கீழே அங்கங்கே தண்ணீர் "ப்ளக், ப்ளக்" என்றது. ஒவ்வொரு ப்ளக்குக்கும் ஒரு கரிய மூக்கு வெளியே வந்து மறைந்தது.

"செவுளு கீது சார், ஆனா அந்த மூச்சு பத்தாது. மேல வந்து ஒரு வாய் காத்து புடிச்சிக்கினு போனாதான் உசுரு நிக்கும். அதுனாலதான் கோடையில குட்ட காஞ்சாலும் சேத்துக்குள்ள பொதஞ்சிகினு தாக்குப்புடிக்குது. சந்தைக்கும் உசுரோட கொண்டு போலாம், கிலோ ஐந்நூறுக்குக் கம்மியில்ல" என்றார் செல்வி. "ஒரே ரோதன இன்னான்னா, பெருசு சின்னத முழுங்கிடும். வாரத்துக்கு ஒருக்கா பெருசு வேற, சின்னது வேறன்னு பிரிச்சி வுடணும். கூடவே பொறந்ததுங்கதான். பங்காளி புத்தி எங்க போவும்?"

கடைசி வாக்கியத்தை அவர் எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. குரலை உயர்த்தி, கரைக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார். அங்கே பள்ளத்தில் புதிதாக நட்ட நெல்வயல். வரப்பில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முருகேசனின் பெரியப்பா மகன் தங்கராசு. குட்டை வெட்டியதிலிருந்து தண்ணீர் ஊறி ஊறி அவர் வயலில் இறங்குகிறதாம். அதில் வந்த சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

தங்கராசு மாட்டின் முகத்தைத் திருப்பி, "ஏ லட்சுமி, ஒன் கொளம்ப பாரு, எப்டி ஊறிப் போச்சி. இங்க நிக்காத, வா. குட்டைக்காரங்க குடுத்தனம் பண்ற எடம் இது" என்றார்.

செல்வி காலடியில் மேய்ந்த கோழியைப் பார்த்து, "இன்னாடி மொறைக்கிற? எங்க நெலத்துலதான் வெட்டுனோம்" என்றார்.

மாடும் கோழியும் எந்தப் பக்கமும் சேராமல் மேய்ந்தன. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறார்கள். பேசுவதில்லை என்று பெயர், அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்தது. மலையில் பார்த்த மேகம் அப்படியே இறங்கி வந்துவிட்டது. செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மேட்டுப்பக்கத்து வாய்க்காலை வெட்டிக் குட்டைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, சொட்டச் சொட்ட வந்தார். "புதுத்தண்ணி சார். மோட்டாரு போடாம வர்ற தண்ணி. மீனு சந்தோசப்படும்" என்றார். மழை வந்தால் முதல் வேலையாக வாய்க்காலைத் திறந்துவிடுவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். விவசாயி வீட்டில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாங்கள் உள்ளே உட்கார்ந்து வரக்காப்பி குடித்தோம். ஓட்டுக்கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் பேசியது எதுவும் கேட்கவில்லை. காப்பி ஆறி, இன்னொரு முறை போட்டுக் குடித்து, வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வாசலில் நின்ற முருகேசன் திடீரென்று கத்தினார்.

"டேய்! வலைய அறுக்கிறான்டா!"

குட்டைக்கரையில் தங்கராசு. தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கையில் கருக்கரிவாளுடன் வலையைப் பிடித்துச் சரசரவென்று அறுத்துக்கொண்டிருந்தார். முருகேசன் கிடைத்த கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் செல்வி, அவருக்குப் பின்னால் சேற்றில் வழுக்கிக்கொண்டு நான். கொலை விழப்போகிறது என்றே நினைத்தேன்.

தங்கராசு ஓடவில்லை. முருகேசனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கத்தினார். "சார்! வரப்பு பாக்க வந்தேன், குட்டையில சத்தமே இல்ல. மீனு ஒன்னுகூட மேல வரல சார்!"

அப்போதுதான் பார்த்தோம். தங்கராசு தண்ணீருக்குள் கைவிட்டு இழுத்துப் பிடித்திருந்த ஓரத்தைத் தவிர வலையைக் காணவில்லை. தண்ணீர் ஏறி வலையை மூழ்கடித்து, அதற்கு மேலும் முழ ஆழம் நின்றது. விறைப்பாகக் கட்டிய வலை இருந்த இடத்திலேயே நீருக்குள் இருந்தது. அதற்குக் கீழே அத்தனை விராலும். காற்று ஒரு முழத்துக்கு மேலே இருந்தது, அவற்றால் அதை எட்ட முடியவில்லை. கொக்கு, நீர்க்காகம், திருடன், துள்ளல் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்ட முருகேசன் தண்ணீருக்குக் கணக்குப் போடவில்லை. கடலோரத்தில் பிறந்து எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். மீன் தண்ணீரில் மூச்சு முட்டிச் சாவதை அன்றுதான் பார்த்தேன்.

முருகேசன் கையிலிருந்த கட்டை கீழே விழுந்தது. ஆனாலும் அவர் தயங்கினார். பள்ளப்பக்கத்துக் கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் தளும்பியது. "வலய அறுத்தா எல்லாம் வெளிய போயிடும் செல்வி" என்றார். அழுகைக் குரல்.

"போவட்டும்! செத்த மீன வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? அறு!" என்று கத்திக்கொண்டே செல்வி வாய்க்காலை அடைக்க ஓடினார்.

முருகேசன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மறுபக்கத்து முடிச்சுகளை அவிழ்த்தார். நானும் முளைக்குச்சிகளைப் பிடுங்கினேன். வலை ஓர் ஓரமாகத் தளர்ந்து சுருண்டதும் குட்டை முழுக்க அந்தச் சத்தம் எழுந்தது. ப்ளக், ப்ளக் என்று நூறு இடத்தில். உலை கொதிப்பதுபோலத் தண்ணீர் குமுறியது. சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மற்றவை மூச்சு வாங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். ஏரி மீனுக்காக ஒரு தரங்கம்பாடிக்காரன் அழுதான் என்று ஊரில் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

முருகேசன் பயந்ததும் நடந்தது. பள்ளப்பக்கத்துக் கரை ஒரு மூலையில் இடிந்து, தண்ணீர் தங்கராசின் வயலுக்குள் இறங்கியது. விரால்கள் அந்தத் தண்ணீரோடும், தண்ணீர் இல்லாத இடத்தில் புல்லின்மேல் உடம்பை நெளித்து நெளித்தும் வரப்பைத் தாண்டிப் போயின. புதுத்தண்ணீர் கண்ட விராலை நிறுத்த முடியாது என்பார்கள். இடிந்த மூலையை முருகேசனும் செல்வியும் மண் கொட்டி அடைப்பதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. தங்கராசையும் காணவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மழைத்தண்ணீரில் ஏறி வரும் மீன் யார் வயலில் நிற்கிறதோ, அது அவருக்கு. கேள்வி கிடையாது. அதை முருகேசன்தான் இராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "பெங்களூர்ல மேஸ்திரி கூப்ட்டுக்கினேதான் கீறாரு" என்றார். செல்வி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. எனக்குக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பப் பேருந்து பிடிக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசியாகக் குட்டையைப் பார்க்க மூவரும் போனோம். குட்டையில் ப்ளக் சத்தம் நேற்றைவிடக் குறைவு. முருகேசன் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "கடைமடைய அடச்சிட்டான் பாரு" என்றார் கசப்பாக.

தங்கராசின் வயல் ஒரு சின்ன ஏரிபோல நின்றது. வயலிலிருந்து ஓடைக்குத் தண்ணீர் வடியும் மடையை அவர் களிமண்ணும் வைக்கோலும் வைத்து இறுக அடைத்திருந்தார். நாற்றின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அந்தப் பச்சை நுனிகளுக்கு நடுவே அங்கங்கே தண்ணீர் சுழித்தது. மீன்கள் போகவில்லை. ஆனால் அவை இப்போது தங்கராசின் மீன்கள்.

தங்கராசு வரப்பில் உட்கார்ந்திருந்தார். மாடு இல்லை. இராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, என்னிடம் பேசினார்.

"சார், அவுங்ககிட்ட சொல்லுங்க. மடைய நான்தான் அடச்சேன். வடிய வுட்டா மீனு ஓடைக்குப் பூடும், அப்பறம் யாருக்கும் இல்ல. நட்டு பத்து நாளு ஆன நாத்து, இந்தத் தண்ணியில ரெண்டு நாளு தாங்குனா ஜாஸ்தி. அதுக்குள்ள ஊத்தா எட்துக்கினு எறங்கச் சொல்லுங்க. நாத்து மெரிபடும்னு பாக்க வாணாம்னும் சொல்லுங்க."

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை. சேற்றில் குத்தி மீனை அடைத்து, மேல்வாய் வழியாகக் கைவிட்டுப் பிடிப்பார்கள். நான் செல்வியின் பக்கம் திரும்பினேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து வாயைத் திறந்தேன்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது சார்" என்றார் செல்வி.

என்னைத் தாண்டிக்கொண்டு வரப்பின் விளிம்புக்குப் போனார். "நாத்து அழுவிப் பூட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க மாமா?"

தங்கராசு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார். "ஒங்கிட்ட வந்து மீனு வாங்கித் துன்னுக்கினு கெடக்கறேன். எறங்கு மொதல்ல."

முருகேசன் வீட்டுக்கு ஓடி இரண்டு ஊத்தாவும் ஓர் அண்டாவும் கொண்டு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். முதல் குத்திலேயே கை நீள விரால் ஒன்று மாட்டியது. அதை அண்டாவில் போட்டுவிட்டு, "அண்ணே, அந்தாண்ட மூலையில நில்லு, அங்கதான் ஜாஸ்தி ஓடும்" என்று கத்தினார். தங்கராசு அந்த மூலைக்குப் போனார். செல்வி சிரித்தாரா, அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. சேறு தெறித்த முகத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

எங்கள் கரையில் அலை ஒதுக்கிய மீன் எடுத்தவனுக்குச் சொந்தம். ஒரே வலையைச் சேர்ந்து இழுத்த அண்ணன் தம்பிகள் ஒரு கூடை மீனுக்காக ஆயுசுக்கும் பேசாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். நாற்றை மூழ்கவிட்டு மீனுக்குத் தண்ணீர் கட்டிய ஓர் ஆளை அங்கே நான் பார்த்ததில்லை. இதை அவர்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. ஆனால் மூன்று பேரும் வயலின் மூன்று மூலையில் நின்றுகொண்டு, "இந்தாண்ட, இந்தாண்ட", "வுடாத, அமுக்கு", "ஐயோ, பூட்ச்சி" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பேருந்துக்கு நேரமாகிறது, கிளம்புகிறேன் என்று சொன்னேன். ஒருவர் காதிலும் விழவில்லை.